கோடு போடும் அதிகாரம் யாருக்கு? சாமுவேல் பிளிம்சாலும் பிரிட்டிஷ் அரசும்

1870இல் லிவர்பூலிலோ கார்டிஃபிலோ ஒரு மாலுமி பயணத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றால், அதன்பின் கப்பலைப் பார்த்து “இது தாங்காது” என்று ஏற மறுப்பது குற்றம். 1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் அதற்குப் பத்து வாரம்வரை சிறை வைத்திருந்தது. கையெழுத்தும் முன்பணமும் முடிந்த பிறகுதான் பலர் தாங்கள் போகப்போகும் கப்பலையே கண்ணால் பார்த்தார்கள். 1870க்கும் 1872க்கும் இடையில் மட்டும் 1,600க்கும் மேற்பட்ட மாலுமிகள் இப்படிச் சிறைக்குப் போனார்கள். தாங்காத கப்பலைத் தெரிந்தே கடலுக்கு அனுப்புவது 1871இல் குற்றமாக்கப்பட்டது. ஆனால் கடலடியில் கிடக்கும் கப்பல் எந்த நிலையில் புறப்பட்டது என்று யார் நிரூபிப்பது? சாட்சி சொல்ல வேண்டியவர்களும் அதோடு போய்விட்டார்களே.

இந்த நிலையை மாற்றியவராக ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் உலகத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் சொல்லப்படுகிறது. சாமுவேல் பிளிம்சால், டெர்பி தொகுதியின் லிபரல் உறுப்பினர். அவர் சபையில் கத்தினார், அரசு பணிந்தது, கப்பல் எந்த அளவுவரை சுமையோடு தாழலாம் என்று அதன் பக்கத்தில் காட்டும் கோடு வந்தது என்று கதை சுருக்கமாகச் சொல்லப்படும். அந்தச் சுருக்கத்தில் முக்கியமானது விடுபட்டுப் போகிறது. 1876இல் வந்த கோடு, உயிரைக் காக்கும் கோடாக இருக்கவில்லை. அது அப்படி ஆவதற்கு இன்னும் 14 ஆண்டுகள் பிடித்தன. அந்த 14 ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மக்கள் பிரதிநிதி அரசைப் பதில் சொல்ல வைப்பது என்றால் என்ன என்பது புரியும்.

அளவுக்கு மீறிய சுமை ஏன் லாபம்

கணக்கு எளிது. சரக்குக் கட்டணம் டன் கணக்கில். கப்பல் இன்னும் சில அங்குலம் தாழ்ந்தால் இன்னும் பல டன் ஏறும். கூடுதல் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. கப்பலின் மேல்தளத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் உள்ள உயரம்தான் அதன் பாதுகாப்பு. பெரிய அலை தளத்தின்மேல் ஏறி விழும்போது கப்பலை மறுபடி தூக்கி நிறுத்துவது அந்த மிச்ச மிதப்பு. அதை நிலக்கரிக்கும் இரும்புக்கும் தானியத்துக்கும் விற்றுவிட்டால், அமைதியான கடலில் ஒன்றும் தெரியாது. குளிர்கால வட அட்லாண்டிக்கில் தெரியும்.

1866 ஜனவரியில் மெல்போர்னுக்குப் புறப்பட்ட ‘லண்டன்’ என்ற நீராவிக் கப்பல் பிஸ்கே விரிகுடாவில் மூழ்கி இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பயணிகள் கப்பல் என்பதால் அது பத்திரிகைகளில் வந்தது. நிலக்கரிக் கப்பலோடு பத்துப் பதினைந்து மாலுமிகள் போனால் அது ஒரு வரிச் செய்தி.

காப்பீடு இதை இன்னும் மோசமாக்கியது. கப்பலின் சந்தை விலையைவிடக் கூடுதலான தொகைக்குக் காப்பீடு எடுக்க முடிந்தது. மூழ்கினாலும் நட்டமில்லை, சில சமயம் லாபம். காப்பீடு கொடுத்தவர்கள் ஏன் சண்டை போடவில்லை என்று கேட்கத் தோன்றும். பிளிம்சால் இதற்குக் கொடுத்த விளக்கம் கூர்மையானது. ஒரு கப்பலின் காப்பீட்டுத் தொகையைப் பலர் சிறுசிறு பங்காகப் பிரித்து ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் போவது சிறு தொகை. அதற்காக நீதிமன்றம் ஏறி, மோசடியை நிரூபிக்க முடியாமல், வியாபார உறவையும் கெடுத்துக்கொள்ள யாரும் தயாரில்லை. ஆகவே கட்டணத்தை எல்லோருக்குமாகச் சற்று உயர்த்திவிட்டுப் போனார்கள். நட்டம் எல்லோருக்கும் பங்கிடப்பட்டது. உயிர் மட்டும் பங்கிடப்படவில்லை. அது மாலுமியுடையதாகவே இருந்தது.

எண்ணத் தெரிந்த அரசு

என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்தப் பகுதிதான். அரசுக்கு இது தெரியாமல் நடக்கவில்லை. கப்பல் துறையைக் கவனித்துவந்த வர்த்தக வாரியம் ஆண்டுதோறும் கப்பல் விபத்துகளைப் பதிவேட்டில் ஏற்றி அறிக்கை வெளியிட்டது. பிரிட்டிஷ் கரையோர வரைபடத்தில் ஒவ்வொரு விபத்தையும் புள்ளியாகக் குறித்து அச்சிட்டது. எத்தனை கப்பல், எத்தனை உயிர், எந்தக் காற்றில் என்பதெல்லாம் இருந்தது. எவ்வளவு சுமையோடு புறப்பட்டது என்பதைத் தவிர.

பிளிம்சால் கப்பல்காரர் அல்ல. 1824இல் பிரிஸ்டலில் பிறந்து, லண்டனில் நிலக்கரி வியாபாரம் தொடங்கி 1850களில் கடனில் மூழ்கி, மலிவான தங்கும் விடுதிகளில் கூலிக்காரர்களோடு சில காலம் வாழ்ந்தவர். பிறகு மீண்டு பணம் சேர்த்து, 1868இல் டெர்பியிலிருந்து காமன்ஸ் சபைக்குப் போனார். டெர்பி கடலே இல்லாத ஊர். தன் தொகுதிக்காரர்களுக்கு இதில் நேரடி ஆதாயம் எதுவும் கிடையாது. சுமைக்கோடு என்ற யோசனையும் அவருடையதல்ல. டைன் நதிக்கரையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளி அதற்கு முன்பே இதற்காக வாதாடிக்கொண்டிருந்தார். பிளிம்சால் அந்தக் கோரிக்கையை எடுத்துச் சபைக்குள் கொண்டுபோனார். 1870இல் தீர்மானம், 1871இல் மசோதா. இரண்டும் நகரவில்லை. சபையிலேயே கப்பல் முதலாளிகள் பலர் உறுப்பினர்களாக இருந்தார்கள்.

1873 தொடக்கத்தில் அவர் சபைக்கு வெளியே போனார். ‘நம் மாலுமிகள்’ என்ற முறையீட்டு நூலை வெளியிட்டார். வர்த்தக வாரியத்தின் விபத்து வரைபடத்தையே அதில் சேர்த்தார். கடிதங்களையும் ஆவணங்களையும் உள்ளபடி படியெடுத்து அச்சிட்டார். அரசின் புள்ளிகளை அரசின் முகத்துக்கு நேரே காட்டிய நூல் அது. நாடு முழுக்கப் பரவியது. தொழிற்சங்கங்கள் பணம் கொடுத்தன, துறைமுக ஊர்களில் கூட்டங்கள் நடந்தன.

ஆனால் அந்த நூலில் கோளாறுகளும் இருந்தன. கேள்விப்பட்டதையும் சரிபார்த்ததையும் அவர் ஒரே குரலில் எழுதினார். ஹல் தொகுதி உறுப்பினரும் கப்பல் முதலாளியுமான சார்லஸ் நோர்வுட் அவதூறு வழக்குப் போட்டார். சபை உறுப்பினர்களைத் தாக்கி எழுதியதற்காக பிளிம்சால் சபையில் வருத்தமும் தெரிவிக்க வேண்டியிருந்தது. சபைக்குள் பேசினால் வழக்கு இல்லை. அதையே அச்சில் போட்டால் உண்டு. இந்த வேறுபாடு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே இறங்கினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும், நூறு உண்மைகளை வைத்திருப்பவர் சரிபார்க்காத நான்கைச் சேர்த்தால் எதிராளி அந்த நான்கைப் பற்றி மட்டுமே பேசுவார். அப்படித்தான் பேசினார்கள்.

ஆணையமும் ஃபேரரின் வாதமும்

நூலின் பலன் உடனே தெரிந்தது. 1873இல் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் சாமர்செட் பிரபு. பழுதான கப்பல்களை நிறுத்திவைக்க வர்த்தக வாரியத்துக்கு அதே ஆண்டு சட்டம் அதிகாரம் கொடுத்தது. நிறுத்திச் சோதித்த கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை பழுதானவையாகவே இருந்தன. பிளிம்சால் மிகைப்படுத்துகிறார் என்றவர்களுக்கு அதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

இருந்தும் ஆணையம் 1874இல் கட்டாயச் சுமைக்கோட்டை நிராகரித்தது. அதன் காரணங்களை ஒதுக்கித் தள்ளாமல் பார்க்க வேண்டும்.

முதலாவது, தொழில்நுட்பம். கப்பலுக்குக் கப்பல் வடிவம் வேறு, வலிமை வேறு, சரக்கு வேறு. கப்பல்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் அமைப்பான லாய்ட்ஸ் பதிவகம் 1835இலேயே ஒரு கணக்கைப் பரிந்துரைத்திருந்தது: சரக்கறையின் ஆழத்தில் ஒவ்வோர் அடிக்கும் மூன்று அங்குலம் நீருக்கு மேலே இருக்க வேண்டும். மரப் பாய்க்கப்பல்களின் காலத்துக் கணக்கு அது. நீளமான இரும்பு நீராவிக் கப்பலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இது நியாயமான தடைதான்.

இரண்டாவது வாதம் வர்த்தக வாரியத்தின் நிரந்தரச் செயலர் தாமஸ் ஃபேரருடையது. கோட்டை அரசு போட்டால் பொறுப்பும் அரசின் தலையில் வந்துவிடும். “நீங்கள் சொன்ன அளவுக்குத்தானே ஏற்றினேன்” என்று முதலாளி தப்பித்துக்கொள்வார். ஆகவே பொறுப்பு முதலாளியிடமே இருக்கட்டும், தவறினால் தண்டிப்போம். கேட்க அழகாக இருக்கிறது. நடப்பில் தவறு நடந்ததை நிரூபிக்க வழியே இல்லாத துறையில் “தவறினால் தண்டிப்போம்” என்பது வெறும் சொல். ஃபேரர் நேர்மையான, திறமையான அதிகாரி. லஞ்சத்துக்காக இதைச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். ஒரு கொள்கையை முழுமனதாக நம்பும் அதிகாரிக்கு முன்னால் ஒரு மக்கள் பிரதிநிதியின் வேலை இன்னும் கடினமாகிறது, ஏனென்றால் அங்கே அம்பலப்படுத்த ஊழல் எதுவும் இல்லை.

1874 ஜூனில் பிளிம்சாலின் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றே வாக்குகளில் தோற்றது.

1875 ஜூலை 22

அடுத்த ஆண்டு பிரதமர் டிஸ்ரேலியின் கன்சர்வேட்டிவ் அரசே ஒரு வணிகக் கப்பல் மசோதாவைக் கொண்டுவந்தது. வர்த்தக வாரியத் தலைவர் சார்லஸ் ஆடர்லி அதைத் தூக்கிக்கொண்டு தடுமாறினார். திருத்தங்கள் குவிந்தன, நேரம் ஓடியது. ஜூலை 22 அன்று, கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், டிஸ்ரேலி எழுந்து இந்த ஆண்டு கப்பல் மசோதா கைவிடப்படுகிறது என்று அறிவித்தார். விவசாய நிலக் குத்தகை மசோதாவுக்கு நேரம் இருந்தது. இதற்கு இல்லை.

பிளிம்சால் எழுந்து ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். சபை நடைமுறையில் அப்போது அவருக்குப் பேச இருந்த ஒரே வழி அது. மசோதா தள்ளிப்போனால் வரும் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சாவார்கள் என்றார். 1874இல் மூழ்கிய சில கப்பல்களின் பெயர்களைச் சொல்லி, அவற்றின் உரிமையாளரான எட்வர்ட் பேட்ஸ் என்பவர் இந்தச் சபையில் பிளிமத் தொகுதிக்காக உட்கார்ந்திருக்கும் அதே பேட்ஸ்தானா என்று அமைச்சரிடம் கேட்கப்போவதாக அறிவித்தார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் அயோக்கியர்களின் முகமூடியைக் கிழிப்பேன் என்றார். அந்தச் சொல் சபை உறுப்பினரைக் குறிக்கிறதா என்று சபாநாயகர் கேட்டார். ஆம் என்றார். திரும்பப் பெறச் சொன்னார், மறுத்தார். ஆளுங்கட்சி வரிசையை நோக்கிக் கையை முறுக்கிக் காட்டினார். நண்பர்கள் இழுத்தும் அடங்கவில்லை. முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருந்த எதிர்ப்பு அறிக்கையின் பிரதிகளை அவருடைய மனைவி எலைசா, பெண்கள் மாடத்திலிருந்து கீழே இருந்த நிருபர்களுக்குச் சேர்த்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் வெடித்த கோபம்தான். ஆனால் தயாரிப்போடு வந்த கோபம்.

டிஸ்ரேலி கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். லிபரல் தலைவர் ஹார்ட்டிங்டன், உழைப்பாலும் மனவேதனையாலும் அவர் உடல் நலிந்திருக்கிறார் என்று சொல்லி ஒரு வாரம் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். ஜூலை 29இல் பிளிம்சால் வந்து சபை மரபை மீறிய சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டார். சொன்ன உண்மைகளைத் திரும்பப் பெறவில்லை.

அந்த ஒரு வாரத்தில் நாடு திரண்டிருந்தது. துறைமுக ஊர்களிலும் தொழில் நகரங்களிலும் கூட்டங்கள், மனுக்கள், பத்திரிகைத் தலையங்கங்கள். நேரமே இல்லை என்ற அரசு, சில நாட்களில் ஒரு தற்காலிகச் சட்டத்தைத் தயாரித்து ஆகஸ்டுக்குள் நிறைவேற்றிவிட்டது. கப்பல் ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கினர் புகார் சொன்னால், செலவுக்கான பிணைத்தொகை கேட்காமலே கப்பலைச் சோதிக்க வேண்டும் என்று அது சொன்னது. மறுத்தால் சிறை என்றிருந்த மாலுமிக்கு இது சிறிய மாற்றமல்ல.

பேட்ஸ் விஷயத்தில் எனக்கு நெருடல் உண்டு. விசாரணையில்லாமல் ஒருவரைக் கொலைகாரர் என்ற தொனியில் நிறுத்துவது, அவர் எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும், சபைப் பாதுகாப்பைப் பயன்படுத்தும் சரியான முறையல்ல. வழக்கின் பலம் தனிமனிதரின் பெயரில் இல்லை. அரசின் சொந்தப் பதிவேட்டில் இருந்தது. கத்தல் பலித்ததற்கும் அதுதான் காரணம். ஐந்தாண்டுகளாகச் சேர்த்த ஆவணங்களும், மூன்று வாக்கில் தோற்ற மசோதாவும், ஊர் ஊராய்ப் படிக்கப்பட்ட நூலும் பின்னால் இல்லாதிருந்தால், 1875 ஜூலை 22 ஓர் உறுப்பினர் நிதானம் இழந்த நாளாகப் பதிவாகி மறக்கப்பட்டிருக்கும்.

1876: உள்ளே காலியான சட்டம்

மறுஆண்டு நிரந்தரச் சட்டம் வந்தது. பழுதான கப்பல்களை நிறுத்தும் அதிகாரம் உறுதியானது. குளிர்காலத்தில் மேல்தளத்தில் மரம் அடுக்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. கப்பலின் இரு பக்கமும், நடுவில், 12 அங்குல விட்டமுள்ள வட்டமும் அதன் நடுவே 18 அங்குல நீளக் கிடைக்கோடும் தீட்ட வேண்டும் என்றது. அதுதான் பிளிம்சால் கோடு.

அந்தக் கோட்டை எந்த உயரத்தில் தீட்டுவது? அதை முதலாளியே முடிவு செய்யலாம்.

எடைக்கல்லுக்கு முத்திரை குத்தும் வேலையைக் கடைக்காரரிடமே விட்டதுபோல் இது. கார்டிஃபைச் சேர்ந்த ஒரு கேப்டன் கோட்டைக் கப்பலின் புகைபோக்கியில் தீட்டினார் என்று ஒரு கதை அந்தக் காலத்திலிருந்தே சொல்லப்படுகிறது. உண்மையோ இல்லையோ, சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஃபேரரின் கொள்கை தோற்றதுபோல் தோன்றி, சட்டத்தின் நடுப்பகுதியில் அப்படியே உட்கார்ந்திருந்தது. வெளியே மக்கள் வெற்றி என்று கொண்டாடினார்கள். வட்டமும் கோடும் கண்ணுக்குத் தெரிந்தன அல்லவா.

பிளிம்சாலுக்கு இது தெரியும். அவர் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் 1880இல் ஒரு முடிவு எடுத்தார். உள்துறை அமைச்சரான வில்லியம் ஹார்கோர்ட் ஆக்ஸ்ஃபர்ட் இடைத்தேர்தலில் தோற்று, சபையில் இடமின்றி நின்றார். பிளிம்சால் தன் டெர்பி தொகுதியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். அமைச்சராக இருப்பவர் மாலுமிகளுக்குத் தன்னைவிட அதிகம் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. பெருந்தன்மைதான், ஆனால் என் பார்வையில் அவருடைய நீண்ட பணியில் மிகப் பெரிய தவறு இது. ஹார்கோர்ட்டுக்கு ஆயிரம் வேலைகள். தினமும் எழுந்து அதே கேள்வியைக் கேட்பதற்கு என்றே சபையில் இருந்த ஒரே மனிதர் வெளியே போய்விட்டார்.

அதன் விளைவை 1884இல் பார்க்கலாம். வர்த்தக வாரியத் தலைவராக இருந்த ஜோசப் சேம்பர்லின் கூடுதல் காப்பீட்டைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். கப்பல் முதலாளிகள் எதிர்த்தார்கள். மசோதா திரும்பப் பெறப்பட்டது. மீண்டும் ஓர் அரச ஆணையம். சபைக்குள் இப்போது கையை முறுக்கிக் காட்ட ஆளில்லை.

வேலை நடந்தது வேறு இடத்தில். லாய்ட்ஸ் பதிவகத்தின் தலைமைப் பரிசோதகர் பெஞ்சமின் மார்ட்டெல், கப்பல்களின் நீளம், ஆழம், வடிவம், வகை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து அட்டவணைகள் தயாரித்தார். அவை 1882இல் வெளிவந்தன. முடியவே முடியாது என்று 1874இல் ஆணையம் சொன்னதை ஒரு பொறியாளர் உட்கார்ந்து செய்து காட்டிவிட்டார். அரசு அன்றே இந்தப் பணியை ஒப்படைத்திருந்தால் எத்தனை குளிர்காலங்கள் மிஞ்சியிருக்கும் என்பது கேட்கப்படாமல் போன கேள்வி. பிறகு அரசின் சுமைக்கோட்டுக் குழு அந்த அட்டவணைகளை ஆராய்ந்து ஏற்றது. 1890இல் சட்டம் திருத்தப்பட்டது. கோட்டின் இடத்தை முதலாளி முடிவு செய்யும் உரிமை அன்றுதான் போனது. வர்த்தக வாரியம் ஏற்ற அட்டவணைப்படியே தீட்ட வேண்டும் என்றானது.

அதன் பிறகு

பிளிம்சால் 1898இல் இறந்தார். இடையில் மாலுமிகள் சங்கத்தின் தலைவராகவும் சில காலம் இருந்தார். கோடு அவர் பெயரோடு பிரிட்டனை விட்டு வெளியே போனது. 1930இல் பன்னாட்டு ஒப்பந்தம், பிறகு 1966இல் இன்று நடப்பில் உள்ள ஒப்பந்தம். தூத்துக்குடியிலோ சென்னையிலோ நிற்கும் எந்தச் சரக்குக் கப்பலின் பக்கவாட்டிலும் அந்த வட்டத்தையும் அருகே ஏணிபோல் சில கோடுகளையும் பார்க்கலாம். வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, நூறு மீட்டருக்கு மேல் நீளமில்லாத கப்பல்களில் குளிர்கால வட அட்லாண்டிக்குக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று. நம் வங்காள விரிகுடாவுக்கு ஆண்டு முழுக்க ஒரே கோடு கிடையாது: டிசம்பர் முதல் ஏப்ரல்வரை வெப்பமண்டலக் கோடுவரை ஏற்றலாம், மே முதல் நவம்பர்வரை அதற்குக் கீழே உள்ள கோடைக்கோட்டோடு நிறுத்த வேண்டும்.

1906இல் லாய்ட் ஜார்ஜ் வர்த்தக வாரியத் தலைவராக இருந்தபோது, பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களும் கோட்டுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்லது. அதே ஆண்டு அட்டவணைகளும் திருத்தப்பட்டன. பல பிரிட்டிஷ் கப்பல்கள் முன்பைவிட ஆழமாகச் சுமை ஏற்ற அது இடம் கொடுத்தது. கப்பல்கள் இப்போது வலுவாகக் கட்டப்படுகின்றன என்பது வாரியத்தின் விளக்கம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் கோடு அரசின் கைக்கு வந்த பிறகு அதை உயர்த்தும் பேனாவும் அரசின் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் எண்ணோடு எண் ஒப்பிட்டு, எத்தனை அங்குலம், யாருக்காக என்று சபையில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினர் தேவைப்பட்டார். டெர்பியில் அந்த இடம் 1880இலேயே வேறொருவருக்குப் போயிருந்தது.